பிரியாணி, அத்தோ, அண்ணி வீட்டு மீன் குழம்பு: வாசகர்களின் கலோரி கேள்விகள்

வீட்டில் தராசு வைத்து அளந்து சாப்பிடுகிறவர்கள் கடையிலும் விருந்திலும் என்ன செய்வது என்று வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை பலரும் கேட்டிருக்கிறார்கள். பதில்களுக்குள் போகுமுன் சில எண்களை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். எண்ணெயோ நெய்யோ ஒரு டீஸ்பூன் 40 கலோரி, ஒரு டேபிள்ஸ்பூன் 120. பச்சரிசியோ புழுங்கலோ, வேகாத அரிசி 100 கிராம் 350. வெந்த சாதம் 100 கிராம் 130. முட்டை ஒன்று 75. சர்க்கரை ஒரு டீஸ்பூன் 20. வெளிச்சாப்பாட்டுக் கணக்கில் முக்கால்வாசி இவற்றிலேயே முடிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடையில் மட்டன் பிரியாணி வாங்குகிறோம். செல்போன் செயலியில் தேடினால் ஒரு பிளேட் 290 என்று ஒன்று, 950 என்று இன்னொன்று. எதை எழுதிக்கொள்வது?
– வாசகி, கொருக்குப்பேட்டை

இரண்டையும் எழுத வேண்டாம். இந்தச் செயலிகளில் உள்ள பல பதிவுகள் உங்களைப் போல யாரோ ஒருவர் ஏற்றியவை. அவர் சாப்பிட்டது குவார்ட்டர் பிளேட்டா, ஃபுல்லா என்பது அவருக்கே வெளிச்சம். கடைக்குக் கடை பிளேட் மாறும். கிராம் மாறாது.

பிரியாணி வேகும் பெரிய பாத்திரமான டேக்சாவிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். நம் பக்கத்தில் வழக்கமான அளவு ஒரு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ கறி. அரிசி 3,500 கலோரி. எலும்போடு கூடிய ஆட்டுக்கறி ஏறக்குறைய 1,400. வெங்காயம், தக்காளி, தயிர் எல்லாம் சேர்த்து 400. எண்ணெயும் நெய்யும் சேர்ந்து 250 கிராம் என்றால் 2,250. மொத்தம் ஏழாயிரத்து ஐந்நூறு சொச்சம். தம் முடிந்து இறக்கும்போது, எலும்பை நீக்கிவிட்டால், சுமார் மூன்றே முக்கால் கிலோ நிற்கும். ஆக 100 கிராமுக்கு 200 கலோரி. கடைக்காரர் எண்ணெயைக் குறைத்து 150 கிராம் ஊற்றியிருந்தால் இது 175 ஆகும். தாராளமாக 300 கிராம் ஊற்றினால் 215 வரை போகும். அவ்வளவுதான் வித்தியாசம். எண்ணெய் இருமடங்கானாலும் 100 கிராமுக்கு 40 கலோரிதான் கூடுகிறது. ஆனால் பிளேட் 300 கிராமா 500 கிராமா என்பதில் 400 கலோரி புரளும். அதனால் ரெசிப்பியைத் துருவிக்கொண்டிருப்பதைவிட எடையைப் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

பார்சல் என்றால் வேலை சுலபம். பாத்திரத்தைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டுங்கள். சாப்பிட்டு முடித்ததும் எலும்பை மட்டும் நிறுத்துக் கழித்துவிடுங்கள். தராசு இல்லையா? 750 மில்லி பிளாஸ்டிக் டப்பாவில் அழுத்தாமல் நிரப்பிய பிரியாணி 450 முதல் 500 கிராம் இருக்கும். கையை மூடிய அளவுக்குச் சோறு எடுத்தால் ஏறக்குறைய 150 கிராம்.

பெரும்பாலானவர்கள் தவறுவது பிரியாணியில் இல்லை, அதைச் சுற்றி வருவதில். கத்தரிக்காய் தொக்கு இரண்டு ஸ்பூனில் எண்ணெய் மட்டுமே 60, 70 கலோரிக்கு இருக்கும். சிக்கன் 65 நூறு கிராம் 250. பிரெட் அல்வா ரொட்டியை நெய்யில் பொரித்து, பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கிளறுவது. ஒரு குழிக்கரண்டி 250க்குக் குறையாது. தயிர் வெங்காயம் 40தான், அதை விட்டுவிடலாம். 400 கிராம் பிரியாணி 800, தொக்கும் அல்வாவும் 320, கூடவே குளிர்பானம் ஒரு 250 மில்லி பாட்டில் 100 என்று 1,200ஐத் தாண்டும். செயலியில் பிரியாணியை மட்டும் எழுதிவிட்டு மற்றதை மறப்பவர்கள்தான் பிறகு "கணக்கு வேலை செய்யவில்லை" என்கிறார்கள்.

இன்னொன்று: டேக்சாவின் அடிச்சோற்றில் மசாலாவும் எண்ணெயும் கூடுதலாக இருக்கும். கடையில் கடைசிப் பிளேட் உங்களுடையது என்றால் 100 கிராமுக்கு 220 என்று போடுங்கள். கறி இல்லாத குஸ்காவுக்கும் அதே 200ஐ எழுதலாம். கறி இல்லாததால் குறையும் கலோரியை, அதன் இடத்தில் வரும் எண்ணெய்ச் சோறு ஈடுகட்டிவிடும்.

அண்ணி வீட்டுக்கு மாதம் இருமுறை போகிறோம். அங்கே தராசை எடுக்க முடியுமா? எடுத்தால் அடுத்த முறை கூப்பிடவே மாட்டார்கள். சாப்பிடாமல் எழுந்தாலும் கோபம்.
– வாசகர், திருவொற்றியூர்

தராசு வேண்டாம். சமையல்கட்டுப் பக்கம் சாதாரணமாக நடக்கும் பேச்சே போதும். "கறி எவ்ளோ எடுத்தீங்க அண்ணி? அரிசி எத்தனை டம்ளர் போட்டீங்க?" என்று கேட்பதை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், சமையலில் கைகொடுக்கத் துணைக்குப் போனால் இன்னும் நல்லது. குக்கரோடு வரும் அளவு டம்ளரில் அரிசி சுமார் 150 கிராம் பிடிக்கும், அதாவது 520 கலோரி. நாலு டம்ளர் போட்டு ஏழு பேர் சாப்பிட்டுக் கொஞ்சம் மிஞ்சினால், ஆளுக்கு அரை டம்ளர், 260 கலோரி. உங்கள் பங்கு சராசரியை விடக் கூடவா குறைவா என்பது உங்களுக்கே தெரியும்.

குழம்புக்கும் தொக்குக்கும் எண்ணெய்தான் கேள்வி. அதைக் கேட்காமலே தெரிந்துகொள்ளலாம். குழம்புச் சட்டியின் ஓரத்தைப் பாருங்கள். ஓரத்தில் கோடு போல எண்ணெய் பிரிந்து நின்றால் குழிக்கரண்டிக்கு ஒரு டீஸ்பூன். மேலே முழுக்கப் படலமாக மிதந்தால் இரண்டிலிருந்து மூன்று. தொக்கு, வறுவல் போன்ற கெட்டி அயிட்டங்களில் எண்ணெய் மிதக்காது, மசாலாவுக்குள் ஒளிந்திருக்கும். தட்டில் வைத்த ஐந்து நிமிடத்தில் அதைச் சுற்றிச் சிவப்பு வளையம் படர்கிறதா என்று கவனியுங்கள். படர்ந்தால் இரண்டு டீஸ்பூனுக்கு மேல் என்று எழுதுங்கள்.

நெருங்கிய சொந்தம் என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறார்கள் என்பது பேச்சுவாக்கில் தெரிந்துவிடும். நாலு பேர் வீட்டில் மாதம் மூன்று லிட்டர் என்றால் தலைக்கு ஒரு நாளைக்கு 25 மில்லி, 200 கலோரிக்குச் சற்று மேல். ஐந்து லிட்டர் என்றால் 340. விருந்து நாளில் ஒரு வேளைச் சாப்பாட்டிலேயே அந்த நாள் அளவு முழுக்க வந்துவிடும் என்று வைத்துக்கொண்டால் பெரிதாகப் பிசகாது.

பரிமாறுவதில்தான் கணக்கு கைநழுவும். கரண்டி கரண்டியாக விழும்போது எதுவும் நினைவில் நிற்காது. முதல் தடவையிலேயே சாதம், குழம்பு, பொரியல், வறுவல் எல்லாவற்றையும் தட்டில் வாங்கிக்கொண்டு ஒரு நொடி பார்த்துவிடுங்கள். இரண்டாவது முறை கேட்டால் "வேண்டாம்" என்று சொல்வதைவிட, மீனோ பொரியலோ கொஞ்சம் கேட்டு வாங்குங்கள். அண்ணிக்குத் திருப்தி; சாதத்தில் 130 ஏறுவதற்குப் பதில் 50, 60தான் ஏறும். வறுத்த மீனைக் கேட்டுவிடாதீர்கள், குழம்பு மீனைக் கேளுங்கள். தட்டைக் காலி செய்தவுடன் நிரப்புவது நம் ஊர் வழக்கம் என்பதால், கடைசி வாய்ச் சோற்றை மற்றவர்கள் எழும் வரை தட்டில் விட்டு வைப்பதும் உதவும்.

மீன் உடம்புக்கு நல்லது என்று வாரத்தில் மூன்று நாள் காசிமேடு பக்கம் மெஸ்ஸில் மீன் சாப்பாடு. ஆனால் எடை குறையவில்லை. மீனிலா கொழுப்பு?
– வாசகர், ராயபுரம்

மீன் பாவம், அதன்மேல் பழியைப் போடாதீர்கள். வஞ்சிரம் ஒரு துண்டு 100 கிராம் சதை 120 கலோரிதான். அதில் தடவும் மசாலா மாவு 30, 40. வறுக்கும்போது குடிக்கும் எண்ணெய் 80. மொத்தம் 240 பக்கம். வீட்டில் தோசைக்கல்லில் ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் மூன்று துண்டு போட்டால் ஒரு துண்டுக்கு எண்ணெய் 40 கலோரிதான்.

நெத்திலியைக் கவனிக்க வேண்டும். மீன் சின்னதாக ஆக, அதே எடைக்கு மேற்பரப்பு கூடும். அத்தனை பரப்பிலும் மாவு ஒட்டும், மாவு எண்ணெயைப் பிடிக்கும். ஒரு பிளேட் நெத்திலி வறுவலில் மீன் 110 கலோரி என்றால் மாவு 90, எண்ணெய் 150. ஆக 350. கடம்பாவை (கணவாய்) ரிங் போட்டுப் பொரித்துத் தந்தாலும் இதே கதை. எறா தொக்கில் எறா 100 கிராமுக்கு 90தான், ஆனால் தொக்கு வதக்கிய எண்ணெய் அதைவிடக் கூடுதல்.

எண்ணெய் காயாமல் மீனைப் போட்டாலும் அதிகம் உறிஞ்சும். மதியம் இரண்டு மணிக்கு மேல் கூட்டத்தில், கல் சூடேறுமுன் அடுத்தடுத்து மீனைப் போடும் கடைகளில் துண்டு தொட்டதும் விரல் பளபளக்கும். அப்போது நம் எண்ணோடு இன்னும் ஒரு டீஸ்பூன் சேருங்கள்.

மெஸ் சாப்பாட்டில் உண்மையான பாரம் சாதம். மீன் குழம்புக்குச் சோறு கேட்பது நாக்குக்கே தெரியும். மூன்று கரண்டி சாதம் 350 கிராம் வரை வரும், 450 கலோரி. இரண்டோடு நிறுத்திவிட்டு, இன்னொரு துண்டு குழம்பு மீன் வாங்கிக்கொள்ளலாம்.

அத்தோ கடையில் ஒரு பிளேட் அத்தோ, ஒரு முட்டை மசாலா, சூப். இதற்கு எந்த அட்டவணையிலும் கலோரி இல்லையே?
– வாசகி, வியாசர்பாடி

இருக்காது. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் சாப்பாடு இது. பாரிமுனையிலும் உங்கள் பகுதியிலும் கிடைக்கும் வடிவத்துக்கு அட்டவணை தேடினால் கிடைக்காது. ஆனால் கணக்கிட இதைவிட வசதியான சாப்பாடு குறைவு. எல்லாம் உங்கள் கண் முன்னால் கிண்ணத்தில் விழுகிறது.

வெந்த நூடுல்ஸ் ஒரு கைப்பிடி, 150 முதல் 200 கிராம்: 210 முதல் 280. கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாம் சேர்ந்து 30. நொறுக்கிப் போடும் பேஜோ எண்ணெயில் பொரித்தது. ஒன்று 100 கலோரிக்கு மேல் இருக்கும். கடைசியில் ஊற்றும் பூண்டு எண்ணெய்தான் தீர்மானிக்கும். ஒரு ஸ்பூனா, இரண்டா, பாட்டிலைச் சாய்த்து ஊற்றுகிறாரா என்று எண்ணுங்கள். ஒரு டேபிள்ஸ்பூன் என்றால் பிளேட் 500 பக்கம். இரண்டு என்றால் 600 பக்கம். முட்டை மசாலாவில் அவித்த முட்டையைக் கீறி வறுத்த வெங்காயத்தையும் எண்ணெயையும் வைப்பதால் 75 என்பது 170 ஆகிவிடும். வாழைத்தண்டு சூப் ஒரு கிண்ணம் 60, 80க்குள்தான். தயங்காமல் இரண்டாவது கிண்ணம் வாங்கலாம்.

"எண்ணெய் கம்மியா போடுங்கண்ணா" என்று பிசைவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். பிசைந்த பிறகு சொல்லி என்ன பயன்? பேஜோவை முழுசாகத் தட்டில் வைக்கச் சொன்னால் பாதியை விடவும் முடியும்.

வேலை பாரிமுனையில். காலை டிபன் கடையில்தான். பொங்கலும் வடையும் எவ்வளவு?
– வாசகர், மண்ணடி

பொங்கல் ஒரு பிளேட்டில் அரிசி பருப்பு 80 கிராம் போல இருக்கும்: 280. நெய்யும் எண்ணெயும் 150, முந்திரி 30. மெதுவடை ஒன்று 140. தேங்காய்ச் சட்னி இரண்டு ஸ்பூன் 70, சாம்பார் 90. மொத்தம் 760. அதே சட்னி சாம்பாரோடு மூன்று இட்லி 380தான், சரியாகப் பாதி. பரோட்டா சாப்பிடுகிறவர் என்றால் ஒன்று 300, சால்னா தனி. கொத்து பரோட்டாவில் இரண்டு பரோட்டாவும் முட்டையும் கல்லில் ஊற்றும் எண்ணெயும் சேர்ந்து 900 பக்கம் போகும்.

சாம்பாரில் ஊறிய வடையை இட்லி மாதிரி லேசானது என்று நினைப்பவர்கள் உண்டு. பொரித்த எண்ணெய் ஊறினால் போய்விடாது.

பஜ்ஜி, வடையைக் காகிதத்தில் ஒத்தி எடுத்தால் எண்ணெய் போய்விடுமா?
– வாசகி, பெரம்பூர்

மேலே ஒட்டியது மட்டும் போகும். பொரித்து எடுத்த உடனே ஒத்தினால் ஓரளவு வரும்; ஆறிய பிறகு எண்ணெய் உள்ளே இழுத்துக்கொண்டுவிடும். அதைக் கணக்கில் கழிக்க வேண்டாம். செய்தித்தாளில் ஒத்தாதீர்கள், அச்சு மை உணவில் ஏறும். உணவுப் பாதுகாப்பு ஆணையமும் அதைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறது.

பெரிய கம்பெனி ஓட்டல்களில் மெனு கார்டிலேயே கலோரி போட்டிருக்கிறார்கள். அதை அப்படியே நம்பலாமா?
– வாசகர், கொளத்தூர்

பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை உள்ள உணவகங்கள் மெனுவில் ஒவ்வொரு உணவுக்கும் கலோரி குறிப்பிட வேண்டும் என்பது 2022 முதல் நடைமுறையில் உள்ள மத்திய விதி. தெருமுனைக் கடைக்கும் மெஸ்ஸுக்கும் அது பொருந்தாது. போட்டிருக்கும் எண்ணை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் பக்கத்தில் சின்ன எழுத்தில் உள்ள "ஒரு பரிமாறல்" அளவைப் படியுங்கள். பீட்சாவில் அது இரண்டு துண்டாக இருக்கலாம். நீங்கள் தின்றது ஆறு துண்டு. தொட்டுக்கொள்ளும் மயோனைஸ் பெரும்பாலும் தனிக் கணக்கு, ஒரு டேபிள்ஸ்பூன் 90 முதல் 100.

ஞாயிறு வெளியே சாப்பிட்டால் திங்கள் காலை ஒரு கிலோ ஏறிவிடுகிறது. பிறகு கணக்கு எழுதுவதே வீண் என்று தோன்றுகிறது.
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால் தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். மேலே சொன்ன ஒரு கிலோ அரிசி டேக்சாவை நீங்கள் தனியாகக் காலி செய்தால்தான் அது நடக்கும். ஏறியது தண்ணீர். கடைச் சாப்பாட்டில் உப்பு அதிகம், உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். கூடுதலாகச் சாப்பிட்ட மாவுச்சத்து கிளைகோஜன் என்ற சேமிப்பாக உடம்பில் சேரும்போதும் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைக் கூட வைத்துக்கொள்ளும். குடலில் இருக்கும் உணவின் எடை வேறு. இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். எடை பார்ப்பதை வியாழன் காலைக்கு மாற்றுங்கள். நான்கு வார எண்களை வரிசையாகப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

நான்கு வாரமும் வியாழன் எடை அசையவே இல்லை என்றால் வெளிச்சாப்பாட்டுக் கணக்கைக் குறைத்து எழுதுகிறீர்கள் என்று பொருள். வெளியில் சாப்பிட்ட எல்லாவற்றையும் 20 சதவீதம் கூட்டி எழுதிப் பாருங்கள். 1992இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வில், "எவ்வளவு குறைத்தும் எடை இறங்கவில்லை" என்றவர்கள் தாங்கள் சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தது தெரியவந்தது. வேண்டுமென்று பொய் சொல்பவர்கள் இல்லை அவர்கள். கண் அளவு அப்படித்தான் ஏமாற்றும்.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் தந்த அளவுப்படி, உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,660 கலோரி, ஆணுக்கு 2,110. அதில் 800 கலோரி பிரியாணிக்கு இடம் இருக்கிறது. அன்று காலை இட்லியும் இரவு ரசமும் கொஞ்சம் சாதமும் என்று வைத்துக்கொண்டால் போதும். மறுநாள் பட்டினி கிடந்தால் செவ்வாய்க்கிழமை மாலை பஜ்ஜிக் கடையில் நிற்பீர்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை, சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடுகிறார். கல்யாண வீட்டில் கலோரி பார்த்தால் போதுமா?
– வாசகர், ஓட்டேரி

போதாது. சாப்பாட்டு வேளை இன்சுலின் மாவுச்சத்தைப் பொறுத்தது. 400 கிராம் பிரியாணியில் ஏறக்குறைய 85 கிராம் மாவுச்சத்து இருக்கும். எண்ணெய் அதிகமான சாப்பாட்டில் சர்க்கரை மெதுவாக ஏறும். இரண்டு மணி நேரத்தில் நன்றாக இருந்து, நாலைந்து மணி நேரம் கழித்து உயரலாம். விருந்து நாளில் இரண்டு முறையும் சோதித்து எழுதி வைத்து, அளவை மாற்றலாமா என்று அவருடைய மருத்துவரிடம் அந்தத் தாளைக் காட்டிக் கேளுங்கள். நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். கல்யாண மண்டபத்தில் பந்தி தள்ளிப்போவது சகஜம் என்பதால், இலை போட்டு உட்கார்ந்த பிறகே ஊசி.

சவுகார்பேட்டை போனால் கை சும்மா இருப்பதில்லை. எதை விடலாம், எதைச் சாப்பிடலாம்?
– வாசகி, தண்டையார்பேட்டை

முறுக்கு சாண்ட்விச் சின்னது, வெள்ளரியும் தக்காளியும்தான் பாதி. இரண்டு முறுக்கு, சட்னி, வெண்ணெய் சேர்த்து 150 முதல் 200. வெண்ணெய் வேண்டாம் என்றால் இன்னும் குறையும். கச்சோரி ஒன்று 200க்கு மேல். தயிரும் இனிப்புச் சட்னியும் ஊற்றினால் 300. நெய் ஜிலேபி 100 கிராம் 350க்குக் குறையாது, அதில் இரண்டு மூன்று சுற்றுதான் வரும். லஸ்ஸி குடித்துவிட்டு "பானம்தானே" என்று எழுதாமல் விடுகிறார்கள். 300 மில்லி டம்ளரில் தயிர் 130, சர்க்கரை ஆறு டீஸ்பூன் 120, மேலே போடும் ஆடை 50. ஒரு லஸ்ஸி நாலு இட்லிக்குச் சமம். ஒன்றை வாங்கி இருவர் குடியுங்கள், அந்த 150 கலோரியில் ஒரு முறுக்கு சாண்ட்விச் வந்துவிடும்.